இடது தோள்

ஹால்வர், மின்னசோட்டா
ஆகஸ்ட் 18, 1996

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு,

இங்கே நானும் நோரீனும் நலம். அவளுடைய மூட்டு வலி இந்த வெயிலுக்குச் சற்று அடங்கிக் கிடக்கிறது. உன் கண் எப்படி இருக்கிறது? ஜூலையில் வந்த அட்டையில் 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்தான் இருந்தது. நீ பரவாயில்லை என்று எழுதினால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அப்பாவின் நிலத்தை வாங்கியவர் வேலி நெடுக மஞ்சள் பலகை அடித்துவிட்டார். அந்நியர் நுழையக் கூடாது. நான் அந்நியன். போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான். காபி கொடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க ஆர்டன். நகரத்துலேர்ந்து என் மருமகப் பிள்ளைங்க வராங்க. மான் பாக்குற மேடையெல்லாம் அவங்களுக்குன்னு சொல்லிட்டேன்."

"அந்த மேடைய அடிச்சவனே நான்தாங்க."

"தெரியும். நல்லா அடிச்சிருக்கீங்க. ஆடவே இல்ல."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, இந்த வருஷம் எனக்கும் அரசுக் காடுதான். உரிமம் வாங்கிய எவனும் நுழையலாம் என்பதால் அதை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! மரத்துக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை வேட்டைக்காரன் என்பேன். நீ ஒன்றும் சொல்லாமல் அங்கேயே போவாய், மானோடு வருவாய். தீவனக் கடையில் இன்றும் உன் பேச்சுதான். பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையும்.

எனக்குச் சொல்லிக்கொடு. நவம்பர் ஒன்பதில் பருவம் தொடங்குகிறது. நீ வந்தால் உன் பின்னால் நடப்பேன். முடியாவிட்டால் எழுது. தொலைபேசி வேண்டாம். அதில் நீ வானிலை மட்டும்தான் பேசுவாய்.

வருவாய்தானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி,
ஆர்டன்

*

மினியாபொலிஸ்
செப்டம்பர் 3

தம்பி ஆர்டனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். நோரீனிடம் ஈரத் தரையில் மண்டியிட்டுக் கேரட் பிடுங்க வேண்டாம் என்று சொல்.

கண். இனிமேல் கேட்காதபடி எழுதிவிடுகிறேன். வலது கண்ணின் நடுவில் காபிக் கறை போல ஒன்று. ஓரமெல்லாம் தெரிகிறது. எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரிவதில்லை. கறை இனி வளராதாம், போகவும் போகாதாம். இடது கண் சுத்தம். ஆனால் முப்பது வருஷமாகக் குறி பார்த்தது வலது கண். பள்ளிப் பேருந்து ஓட்டும் உரிமம் போனது உனக்குத் தெரியும். இங்கே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். அதற்குக் கண் தேவையில்லை. மூலைகளைக் கையே கண்டுபிடித்துவிடும்.

சரி, காடு.

அப்பாவின் நிலத்தில் நீ செய்தது வேட்டை இல்லை. மேடையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்தாய். அங்கே மானைப் பார்த்தால் போதும். அரசுக் காட்டில் மனிதர்களைப் பார்க்க வேண்டும். மான்கள் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

மனிதன் சோம்பேறி. சுட்டதைச் சாலைவரை இழுக்க வேண்டுமே என்று நினைப்பான். வண்டிச் சத்தம் கேட்காத இடத்துக்கு அவன் போக மாட்டான். நீ போ. முழங்கால் நனையும் என்றால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். நீ நனை.

பத்து மணிக்குக் குளிர் எலும்பில் இறங்கும். எல்லோருக்கும் காபி ஞாபகம் வரும். எழுந்து நடப்பார்கள். நடக்கிறவன் தெரியாமலே மானை விரட்டுகிறான். அது உன்னிடம் வரும், நீ எழாமல் இருந்தால். உன்னால் எழாமல் இருக்க முடியாது. பழகு.

காற்று தப்பான திசையில் அடித்தால் அந்த இடத்துக்குப் போகாதே. 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று போனவன்தான் அந்த இடத்தைக் கெடுக்கிறான்.

வண்டி நிறுத்துமிடத்தில் உனக்கு முன்னால் ஒருவன் வந்திருந்தால் பேசாமல் வேறு பக்கம் போ. எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம் அது. அங்கே யாருக்கும் சொந்த இடம் கிடையாது. மனசுக்குள் இருக்கலாம், வாயில் வரக் கூடாது.

இப்போதே போய் நடந்து பார். இலை உதிர்ந்த பிறகு போகிறவன் விருந்தாளி.

இருவரும் நலமாயிருங்கள்.
மார்லிஸ்

*

ஹால்வர்
செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலத்தை உன் வாக்கியங்களின் நீளத்தை வைத்து ஊகிக்கிறேன். போன கடிதம் நல்ல நீளம்.

நடந்து பார்த்தேன். ஒரு முட்டாள்தனம் செய்தேன், கேள். கிழக்குப் பக்கம் மரங்களில் மினுக்குக் குண்டூசிகள். விளக்கடித்தால் பூனைக்கண் போலத் தெரியும், தெரியுமே. யாரோ விவரமானவன் வழி குறித்திருக்கிறான் என்று பின்பற்றிப் போனேன். வளைந்து வளைந்து போகிறது. முடிந்த இடம் ஒரு மொட்டைத் திடல். ஒரு முயல் புழுக்கைகூட இல்லை. திரும்பி வரும்போது தாடிக்காரர் ஒருவர் தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஊசி புடிச்சிட்டுப் போனீங்களா?"

"உங்க இடமா அது? மன்னிச்சுக்கங்க."

"எம் இடம் எதுக்கு அங்க இருக்கு? உங்கள மாதிரி ஆளுங்க போய் உக்காரட்டும்னுதான் அடிச்சு வச்சிருக்கேன். இந்த மாசம் நீங்க மொத ஆளு இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவரும். எந்த வீடு என்று கேட்டார். மார்லிஸின் தம்பி என்றேன். தொப்பியைக் கழற்றினார், அக்கா. நிஜமாகவே கழற்றினார்.

"அந்தப் பொம்பளயா! ஒரு வருஷம் நானும் எம் மச்சானும் பனியில அவங்க கால்தடத்தப் புடிச்சே போனோம். சதுப்பச் சுத்தி, மேட்டச் சுத்தி, போறோம், போறோம்... கடைசியில எங்க முடியுது? எங்க வண்டியில! கண்ணாடித் தொடைப்பான்ல ரெண்டு சாக்லேட்டு செருகி வச்சிருக்கு. ஆளுக்கு ஒண்ணு. எம் மச்சான் அதத் திங்காம வச்சிருந்தான் ரொம்ப நாளு."

பிறகு கேட்டார்: "இப்ப வராங்களா? கண்ணு ஏதோன்னு கேள்விப்பட்டோம்."

வருவார்கள் என்றேன். சரியாகத்தானே சொன்னேன்?

போன கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறந்திருப்பாய். மறுபடி கேட்கிறேன்.

சலவைக்கூடத்துச் சூட்டில் தண்ணீர் நிறையக் குடி.
ஆர்டன்

*

மினியாபொலிஸ்
அக்டோபர் 6

தம்பி,

நலம், நலமறிய ஆவல்.

வடக்கு நிறுத்தத்தில் வண்டியை விடு. தெற்கில் விட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். சதுப்பின் ஓரமாகவே மேற்கே போனால் பீவர்கள் குச்சியும் சேறும் வைத்துக் கட்டிய அணை வரும். அதன் மேல் ஏறி நட. நடுவில் வழுக்கும். அக்கரையில் சின்ன மேடு. அதில் இடி விழுந்து பட்டை உரிந்த ஓக் மரம் ஒன்றுதான் பெரியது. அதன் வடக்குப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்கார். மான்கள் மேற்கிலிருந்து, உன் இடது கைப் பக்கமாக, புதரை விட்டு வெளியே வரும். வரும்போது ஒரு முறை நிற்கும். எல்லா மானும் அங்கே நிற்கும். ஏன் என்று எனக்குத் தெரியாது.

வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் போ.

படம் வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். கோடு சற்றுக் கோணலாக இருக்கும்.

நோரீனைக் கேட்டதாகச் சொல்.
மார்லிஸ்

*

ஹால்வர்
அக்டோபர் 13

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது நோரீன் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ்ஷை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஆர்ப்பாட்டமாக உரக்கப் படித்தேன். பீவர் அணை, இடி விழுந்த ஓக், எல்லாம். எனக்கு ஒரே குதூகலம். இந்த மாவட்டத்தில் அத்தனை பேரும் தேடிய இடம்! நிமிர்ந்து பார்த்தால் நோரீன் தட்டை வைக்காமல் நின்றுகொண்டிருக்கிறாள்.

"இடத்தச் சொல்லிட்டாங்களா?"

"படமே வரஞ்சு குடுத்திருக்கா, பாரு!"

"லூசா நீங்க? உங்க அக்கா இடத்தச் சொல்லிட்டாங்கன்னா என்ன அர்த்தம்?"

அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. படத்தை மடித்து வைத்தேன். இங்கே கட்டிய மனைவிக்குக்கூட இடத்தைச் சொல்லாமல் செத்தவர்கள் உண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் போய், இறங்கியதும் இரண்டு திசையில் நடந்து, மாலையில் ஒரே வண்டியில் திரும்புகிற ஊர் இது. நீ கேட்காமலே சொல்லியிருக்கிறாய். நான் கேட்டது வேறு. அதற்குத்தான் இது பதிலா?

இனி வரப்போவதில்லையா?

இடது கண் சுத்தம் என்று எழுதியிருந்தாய். இடது தோளில் வைத்துப் பார்த்தாயா?

ஆர்டன்

*

மினியாபொலிஸ்
அக்டோபர் 31

தம்பி,

பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. சலவைக்கூடத்தில் இரண்டு பேர் விடுப்பு.

பார்த்தேன். ஊரைவிட்டுக் கிளம்பும் முன், சரளைக்கல் குழியில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. இடது தோளில் வைத்தால் அது என் துப்பாக்கியாகவே இல்லை. யாரோ ஒருத்தியின் உடம்புக்குள் நின்று சுடுவது போல. பெரிய அட்டைப்பெட்டி வைத்திருந்தேன். அதில் ஒரு ஓட்டைகூட விழவில்லை. காயத்தோடு ஒரு மானை ஓடவிட்டு வாழ எனக்குத் தெரியாது. அதனால் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வருத்தம் இல்லை. அந்தப் பேச்சு இத்துடன் போதும்.

தொடக்க நாளில் வடமேற்குக் காற்று வரும் போலிருக்கிறது. இங்கே வாத்துகள் தெற்கே பறக்க அவசரப்படுகின்றன. இரண்டு காலுறை போடு. ஒன்று கம்பளி.

நோரீனின் முழங்கால் எப்படி?
மார்லிஸ்

*

ஹால்வர்
நவம்பர் 11

அன்புள்ள அக்கா,

நலம். சளி மட்டும்.

தொடக்க நாள். சொன்னபடி வடமேற்குக் காற்று. வடக்கு நிறுத்தத்தில் என் வண்டி மட்டும். அணையின் நடுவில் வழுக்கியது, சொன்னபடி. ஒரு கால் முட்டிவரை உள்ளே போயிற்று. மேட்டில் ஏறி, ஓக் மரத்தைக் கண்டு, உட்கார்ந்தேன்.

விடிந்தது. நீ இத்தனை வருஷம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று முதன்முறையாகப் பார்த்தேன். பனி விழுந்த சதுப்பு. அதில் நிற்கிற ஊசியிலை மரங்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பிலிருந்து வெளியே வருகின்றன. தெற்குச் சாலைப் பக்கம் துப்பாக்கிகள் வெடிக்கின்றன, ஏதோ வேறு நாட்டில் நடப்பது போல. இந்த இடத்தை நீ தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். யாரும் காட்டவில்லை. அப்பாவுக்கே இதெல்லாம் தெரியாது. வரைபடத்தில் இது வெறும் நீலக் கோடுகள். நீ அதன் மேல் நடந்து, நனைந்து, ஒரு மரத்தைத் தேர்ந்திருக்கிறாய். நான் ஆடாத மேடை அடித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

பத்து மணிக்கு நான் எழவில்லை. எழ வேண்டும் என்று உடம்பு கெஞ்சியது. உட்கார்ந்திருந்தேன். வந்தது. பெரிய கொம்பு. புதரை விட்டு வெளியே வந்து, நீ எழுதியபடியே, நின்றது.

தவறவிட்டேன்.

சுத்தமாகத் தவறிற்று. ஒரு மயிர்கூட விழவில்லை, ரத்தம் இல்லை, வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அடுத்த குண்டை ஏற்றுவதற்குள் கை தடுமாறியது. அது குதித்துக்கூட ஓடவில்லை. நடந்து போயிற்று.

இன்னொன்று: மரத்தின் தெற்குப் பக்கம் உட்கார்ந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. அணைக் குளம் முழுக்கத் தெரிகிறது.

குளிருக்கு முன் ஜன்னல் இடுக்குகளை அடைத்துக்கொள்.
ஆர்டன்

*

மினியாபொலிஸ்
நவம்பர் 16

ஆர்டன்,

சளிக்கு இஞ்சி போட்டுக் குடி. மற்றபடி உனக்கு என்ன நோய் என்று தெரியவில்லை.

அது நிற்கிற இடத்துக்கும் மரத்துக்கும் நடுவே நம் களஞ்சியத்தின் நீளம்கூட இராது. அந்தத் தூரத்தில் நிற்கிற மானைத் தவறவிட ஒரு தனித் திறமை வேண்டும். நீ சின்ன வயதிலேயே பறக்கிற காட்டுக்கோழியை அடித்தவன். அப்பா உன்னைத்தான் ஊரெல்லாம் காட்டுவார், என்னை இல்லை. இப்போது என்ன வந்தது? கண்ணா? உனக்குமா? நிஜத்தைச் சொல். இது குடும்பத்தில் வருகிற வியாதி இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

தெற்குப் பக்கம் ஏன் உட்கார்ந்தாய்? வடக்கு என்று தெளிவாக எழுதினேனே. தெற்கே பார்த்து உட்கார்ந்தால் மான் வலது கைப் பக்கம் வரும். வலது தோளில் வைக்கிறவனுக்கு உடம்பு முறுக்கிக்கொள்ளும். சுடவே முடியாது. அது உனக்குத் தெரியாததா?

பதில் போடு. உடனே.
மார்லிஸ்

*

ஹால்வர்
நவம்பர் 19

மார்லிஸ் அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் அதன் வழியில் இருக்கிறது, நான் என் வழியில்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவர் சிரித்தார். பதில் எழுத உட்கார்ந்தார், எழுந்தார், விறகு வெட்டப் போய்விட்டார். உங்களுக்குக் கண் பயம் வந்திருக்கிறது என்பதால் நான் எழுதுகிறேன். எழுதக் கூடாது என்பது இவருடைய உத்தரவு. இந்த வீட்டில் இவர் போட்ட உத்தரவு எதுதான் நின்றிருக்கிறது?

இவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அக்டோபரில் நீங்கள் இடத்தைச் சொல்லி எழுதினீர்களே, அதற்கு அடுத்த ஞாயிறு முதல் இவர் இடது தோளில் சுடுகிறார். வேலை முடிந்து வந்ததும் சரளைக்கல் குழிக்குப் போய்விடுவார். துப்பாக்கி உதைத்து உதைத்துத் தோளிலிருந்து மார்பு வரை கத்தரிக்காய் நிறம். குளித்துவிட்டு வந்தபோது பார்த்துப் பயந்துபோனேன். அந்த ஊசிக்காரத் தாடி தினமும் வேடிக்கை பார்க்க வருகிறார்.

"ஆர்டன், அட்டை இந்தப் பக்கம் இருக்கு. நீ அந்த மேகத்தச் சுடுற."

"மேகமாவது விழுந்துச்சா?"

"இல்ல, அதுவும் தப்பிச்சிருச்சு."

இப்படித்தான். கண்ணாடியில் வலது வில்லையை மறைத்து ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் எல்லாம் நடக்கிறார். கதவு நிலையில் இடித்துக்கொண்டார். இடது கையால் பல் தேய்க்கிறார். தேவாலயத்தில் இடது கையை நீட்டிப் பாதிரியாரைக் குழப்பினார்.

தொடக்க நாளுக்காவது வலது தோளில் வையுங்கள், நமக்குக் குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டும் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, அந்தக் கொம்பை இரண்டு கையாலும் அளந்து காட்டிவிட்டு, "வலது தோளா இருந்தா விழுந்திருக்கும்" என்றார். வருத்தமே இல்லாமல்.

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"அவளுக்குச் சொல்லிக்குடுக்கணும்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? வாயால சொன்னா கேக்குற ஆளா அவ?"

இவ்வளவுதான். நான் எழுதியதைக் காட்டிக்கொடுக்காதீர்கள். காட்டிக்கொடுத்தாலும் எனக்குப் பயமில்லை.

அன்புடன்,
நோரீன்

*

மினியாபொலிஸ்
நவம்பர் 23

தம்பி,

நலமா?

கன்னம் எங்கே படுகிறது? எனக்குத் துப்பாக்கிக் கட்டையில் எலும்பு இடிக்கிறது. எந்தக் கால் முன்னால்? மூச்சை எப்போது விடுகிறாய்? கண் தானாகவே மூடிக்கொள்கிறதே, தப்பான கண், அதற்கு என்ன செய்தாய்?

மற்றதை எழுத வரவில்லை.

மார்லிஸ்

*

ஹால்வர்
நவம்பர் 26

அன்புள்ள அக்கா,

நலம். இப்போது நிஜமாகவே.

யார் சொன்னது என்று கேட்க மாட்டேன். அவள் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டு பாட்டு முணுமுணுக்கிறாள்.

வலது கால் முன்னால். வைக்கும்போது அசிங்கமாக இருக்கும், கவலைப்படாதே. தலையைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகாதே. துப்பாக்கியைக் கன்னத்துக்குக் கொண்டுவா. பல்லைக் கடிக்காதே. கடித்தால்தான் எலும்பு இடிக்கும். பாதி மூச்சை விட்டுவிட்டு மீதியில் சுடு, வலது தோளில் செய்தது போலத்தான். உள்ளே எதுவும் மாறுவதில்லை. எனக்கு அது புரியவே பல நாள் ஆயிற்று. கைதான் புதிது, காத்திருக்கிற ஆள் பழைய ஆள்.

கண். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். என் வலது கண் நல்ல கண். அதனால் அது விட்டுக்கொடுக்கவில்லை. நான்தான் பார்ப்பேன் என்று சண்டை போட்டது. ஒட்டுநாடா ஒட்டி அடக்கினேன். உனக்கு அந்தச் சண்டை இல்லை. இரண்டையும் திறந்தே வை. இடது கண் குறியைப் பார்க்கும், வலது கண் ஓரங்களைப் பார்க்கும். உனக்கு ஓரங்கள் இருக்கின்றன என்று நீயே எழுதினாய். நான் ஒட்டிக்கொண்டு இழந்தது அது.

எனக்கு இன்னும் பத்துக்கு ஆறுதான் படுகிறது. உனக்கு இதைவிட நன்றாக வரும். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. நீ எப்போதும் என்னைவிட நன்றாகச் சுட்டாய். அப்பா அதை உன்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

என் துப்பாக்கியில் குண்டேற்றும் தாழ்ப்பாள் வலது பக்கம். இடது தோளில் வைத்தால் இரண்டாவது குண்டு கிடையாது. கையைச் சுற்றிப் போட்டு இழுப்பதற்குள் மான் போய்விடும். அதனால் தாடிக்காரரிடம் கேட்டேன். குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய வகைத் துப்பாக்கி ஒன்றைத் தருகிறார். அதில் யாருக்குமே இரண்டாவது குண்டு இல்லை. அவற்றுக்கான பருவம் இந்தச் சனிக்கிழமை தொடங்கி டிசம்பர் நடுவரை. எனக்கு மேற்கே தண்டவாள வேலை. பனியில் பாதை பெயர்ந்துவிட்டதாம். குழுவோடு போகிறேன், திரும்ப நாளாகும். சாவி வழக்கமான இடத்தில். சரளைக்கல் குழி காலியாக இருக்கும். நோரீன் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டாள். நிறையச் சாப்பிட வைப்பாள்.

வருவாய்தானே என்று மூன்றாவது முறை கேட்கப் போவதில்லை.

ஆர்டன்

*

ஹால்வர், உன் சமையலறை
டிசம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே குளிர் எப்படி? கம்பளிக் காலுறையை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். நோரீன் நலம். நான் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

ஒரு வாரம் குழியில் சுட்டேன். தாடிக்காரர் வந்தார். முதல் நாள் கேலி செய்ய வாயைத் திறந்தார். மூன்றாம் நாள் தொப்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நேற்று வடமேற்குக் காற்று. விடியும் முன்னே வடக்கு நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே வேறு ஒரு வண்டி. புதுப் பனியில் கால்தடம் நேராகச் சதுப்பின் ஓரமாக மேற்கே, அணைப் பக்கம். கண்டுபிடித்துவிட்டான். யாரோ, எப்படியோ. நனைந்திருப்பான்.

உனக்குத் தெரியுமா, வண்டிக்குள் உட்கார்ந்து அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நல்ல நடை. தடுமாறாத, அவசரமில்லாத நடை. அவனுக்கு அந்த இடம் தகும். திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் அந்த இடத்தை வலது தோளோடு கண்டுபிடித்தேன். இந்தத் தோளுக்கு வேறு இடம் வேண்டும் போலிருக்கிறது என்று ஓட்டிக்கொண்டே நினைத்தேன். அரசுக் காடு பெரியது. அப்பாவின் நிலத்துக்கு நாலு வேலி. இதற்கு எத்தனை பக்கம் என்று எனக்கே இன்னும் தெரியாது. ஒரு நிறுத்தத்தில் யாருமில்லை. அங்கிருந்து நடந்தேன். எல்லா ஓரங்களும் தெரிந்தன. மேட்டையும் பள்ளத்தையும், எதன் வழியாக வரும், எங்கே தயங்கும் என்று, பழையபடி யோசித்துக்கொண்டே நடந்தேன். ஓரிடத்தில் நின்றேன். உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல்தான் வந்தது. சின்னக் கொம்பு, இரண்டு கிளை. பெருமைப்பட ஒன்றுமில்லை. எடுத்து வைத்தேன். கண் மூடிக்கொண்டது, தப்பான கண். மான் நின்ற இடத்தில் கறைதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை பக்கத்தில் மானை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது பெரிய வேலை. இரண்டையும் திறந்தேன். அது அங்கேயேதான் நின்றது. பல்லைக் கடிக்காமல், பாதி மூச்சில்.

ஓடவில்லை. நின்ற இடத்திலேயே மடிந்தது. பக்கத்தில் போய் வெகுநேரம் நின்றேன். நீ தவறவிட்ட அந்தப் பெரிய கொம்பை நினைத்துக்கொண்டேன். அந்தக் காலையில் அதை வலது தோளால் சுடாமல் இருந்தாயே. என்னால் முடிந்திருக்காது, ஆர்டன். இத்தனை வருஷத்தில் அந்தக் காட்டில் நான் கேள்விப்பட்ட வேட்டைகளில் பெரியது அதுதான். ஊரில் சொன்னால் யாருக்கும் புரியாது. நான் சொல்லவும் போவதில்லை.

ஜனவரியோடு நின்றுகொள்வதாகச் சலவைக்கூடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். பிப்ரவரியில் இங்கே ஏதாவது பார்க்க வேண்டும். பள்ளிச் சமையலறையில் ஆள் கேட்கிறார்களாம்.

நோரீனை உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாம். அவள் ஒரு ஆண் பிள்ளை அளவுக்கு இழுப்பாள், முழங்கால் வலி இருந்தால்கூட. தாடிக்காரரும் வந்திருப்பார், ஓடி வந்திருப்பார். யாரையும் கூப்பிடவில்லை. நானே இழுத்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நோரீன் மானைப் பார்த்தாள், என் இடது தோளைப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"எங்கேர்ந்து அண்ணி இழுத்துட்டு வந்தீங்க?"

"காட்டுலேர்ந்து."

"அது தெரியும். எந்தப் பக்கம்?"

"மரமெல்லாம் இருக்குமே, அந்தப் பக்கம்."

நீயும் கேட்காதே.

தொடை இரண்டும் உனக்கு வைத்திருக்கிறேன். சளி வராமல் பார்த்துக்கொள். வீட்டுக்கு வர இருட்டிவிட்டது, அதற்கு நோரீன் கோபித்துக்கொண்டாள். என்ன செய்ய? பனி கொட்டிக்கொண்டிருந்தது. மானை ஏற்றிய பிறகு, இழுத்து வந்த தடத்தைப் பனி முழுக்க மூடும்வரை வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா,
மார்லிஸ்